இரண்டாம் பாகத்தில் ஆறு படங்கள்

பாலக்கரையில் நசுருதீனின் பழைய காகிதக் கடைக்குள் கால் வைத்தவர்கள் முதலில் தும்மிவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்வார்கள். அவ்வளவு தூசி. கோர்ட்டில் தீர்ந்துபோன வழக்குக் கட்டுகள், பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்கள், வாரப் பத்திரிகைகள் என்று ஊரில் யாருக்கும் வேண்டாததெல்லாம் அங்கேதான் வந்து சேரும். பிரிக்கிற வேலை லேசானதில்லை. கெட்டித் தாள் ஒரு பக்கம், மெல்லிசு ஒரு பக்கம், மை ஊறியது ஒரு பக்கம், அரபு எழுத்து கண்ணில் பட்டால் அது மட்டும் தனி. நல்ல தாள் கடைக்குப் பின்னாலிருக்கிற வீட்டுக்குப் போகும். அங்கே அவர் மனைவி ஷரபுன்னிசா மைதாப் பசை காய்ச்சி வைத்துக்கொண்டு, காந்தி மார்க்கெட் மளிகைக் கடைகளுக்குப் பை ஒட்டுவாள். மார்கழி ஈரத்தில் பை காயாமல் போனால் அடுப்புப் பக்கத்தில் பரப்பிவிட்டு, "இந்தப் பையில சீரகம் வாங்குறவங்களுக்கு என் வீட்டுக் கொழம்பு வாசனையும் சேந்து போவுது" என்பாள்.

இது பிழைப்பு. நசுருதீனின் கிறுக்கு வேறு. அது மாடி அறையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. வெள்ளைக்காரன் இந்த நாட்டை ஆண்டபோது இங்கிருந்த ஜனங்களைப் பற்றி எழுதி, படம் போட்டு, லண்டனில் அச்சடித்த பழம்புத்தகங்கள். சுதந்திரம் வந்த பிறகு பொன்மலையிலும் கண்டோன்மென்டிலும் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. அந்த வீட்டு ஏலங்களில் மற்றவர்கள் பீங்கானுக்கும் சாய்வு நாற்காலிக்கும் அடித்துக்கொள்ள, இவர் மட்டும் புத்தகப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். வாங்கியதில் ஒன்றைக்கூட விற்றதில்லை. ஷரபுன்னிசா அந்த அலமாரிக்கு 'என் சக்களத்தி' என்று பெயர் வைத்திருந்தாள்.

அப்படி ஒரு ஏலத்தில்தான் ரெங்கராஜ் சிநேகிதமானார். ஸ்ரீரங்கத்துக்காரர், ரயில்வே ஆபீஸில் கிளார்க். இரண்டு பாகமாக இருந்த ஒரு பெரிய புத்தகத்தின் மேல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். தனியாக எடுக்க இருவருக்கும் வசதியில்லை. சேர்ந்து எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பாகம், வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் மாற்றிக்கொள்வது என்று பேச்சு. முதல் இரண்டு வருஷம் மாற்றும்போது எதிரெதிரே உட்கார்ந்து படங்களை எண்ணினார்கள். மூன்றாம் வருஷம் ரெங்கராஜ், "நமக்குள்ள என்ன பாய் எண்ணிக்கை, மாமியார் வீட்டு நகையா?" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்த வழக்கம் நின்றது.

புத்தகம் என்றால் அதுதான் புத்தகம். ஒரு வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி, இந்தச் சீமையில் எந்தச் சாதிக்கு என்ன தொழில், என்ன உடுப்பு, என்ன குணம் என்று எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் கையால் வர்ணம் தீட்டிய படங்கள். எல்லாமே ஜோடி. சுருட்டுச் சுற்றுகிற புருஷன், புகையிலை நறுக்குகிற பெண்டாட்டி. பாம்பாட்டி, மகுடி ஏந்தி நிற்கிற அவன் மனைவி. சில படங்களுக்கு அடியில் அந்தக் காலத்து முன்ஷி, அதாவது துரைக்கு எழுத்து வேலை பார்த்த யாரோ, பாரசீகத்தில் பேனாவால் பெயர் எழுதியிருந்தார். பாரசீகமும் அரபும் கண்ணுக்கு ஒரே எழுத்துதான். நசுருதீனுக்கு ஓதத் தெரியும், பொருள் தெரியாது. இங்கிலீஷும் கடை போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான்.

அதனால் ரெங்கராஜ் வாசிப்பார், நசுருதீன் சிரிப்பார். ஒரு சாதியைப் பற்றி, கடும் உழைப்பாளிகள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் பிறவிச் சோம்பேறிகள் என்று எழுதியிருந்தான் அந்த அதிகாரி.

"ரெண்டும் எப்படி சார் ஒரே ஆளு?"

"காலையில பாத்துட்டு ஒண்ணு எழுதியிருப்பான், சாப்பிட்டதுக்கப்புறம் பாத்துட்டு ஒண்ணு எழுதியிருப்பான் பாய்."

ரெங்கராஜின் சாதிக்கும் ஒரு பக்கம் இருந்தது. பார்க்கச் சாதுவானவர்கள், ஆனால் கைக்கு வந்த பொருளை எளிதில் விடமாட்டார்கள் என்று போட்டிருந்தது. அதை வாசித்துவிட்டு ரெங்கராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி அமிர்தம் எட்டிப் பார்த்து, "அவன் பொய் சொல்லல, ரயில்வேல குடுத்த பழைய குடையக்கூட இன்னும் விடலியே" என்றாள்.

இப்படிப் பதினைந்து வருஷம் ஓடியது. அறுபத்து மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு மெட்ராஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். தங்க ஃப்ரேம் கண்ணாடி, சலவை மடிப்புக் கலையாத சட்டை. தும்மவே இல்லை.

"புஸ்தகமா வேண்டாம் பாய். தனித்தனிப் படமா இருந்தாப் போதும். கண்ணாடி போட்டு வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கறேன்."

"படத்தப் பிச்சா புஸ்தகம் செத்துப்போயிடும்ங்க."

"நீங்க இப்படிச் சொல்றீங்க. ஸ்ரீரங்கத்துல ஒருத்தர் அப்படி நினைக்கலியே."

"யாரு?"

"பேர் சொல்றது எங்க தொழில்ல வழக்கமில்ல. யோசிச்சு வைங்க, மாசி கடைசில வரேன்."

அவர் போனதும் நசுருதீன் கடைக்கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பிறகு மாடிக்குப் போய் அலமாரியைத் திறந்தார். அந்த வருஷ முறைக்கு இரண்டாம் பாகம் அவரிடம் இருந்தது. முன் மாதம்தான் ரெங்கராஜ் கொண்டுவந்து கொடுத்தது. பழைய கோந்து காய்ந்து போன புத்தகம், தொட்டால் தாள் கையோடு வரும். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கள் இறக்குகிறவன் ஜோடி இல்லை. வளையல்காரன் ஜோடி இல்லை. பாம்பாட்டி, வண்ணான், நட்டுவன், தோல் பதனிடுகிறவன் யாரும் இல்லை. ஆறு படம் போயிருந்தது.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஷரபுன்னிசா, பீடை விட்டது என்பாள் என்று நினைத்தார். உள்ளேயே வைத்துக்கொண்டு அரைத்தார். சந்தேகம் ஒரு தரம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அதற்குத் தீனிக்கா பஞ்சம்? புத்தகத்தைக் கொடுக்க வந்த அன்றைக்கு ரெங்கராஜ் டீகூடக் குடிக்காமல் ஓடினாரே, ஏன்? ஏகாதசிக் கூட்டம் வருவதற்குள் வீடு போய்ச் சேரணும் என்றாரே, ஏகாதசிக்கு அப்போது இன்னும் நாள் கிடந்ததே! வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறேன் என்றாரே, எதை விற்று? எண்ண வேண்டாம் என்று முதலில் சொன்னது யார்? அவர்தானே! அப்போதே திட்டம் போட்டுவிட்டாரோ? சேர்ந்து உட்கார்ந்து சிரித்த அந்த வரி, கைக்கு வந்த பொருளை விடமாட்டார்கள் என்ற வரி, இப்போது நசுருதீனுக்குச் சிரிப்பாக இல்லை. வெள்ளைக்காரன் சும்மாவா எழுதியிருப்பான் என்று ஒரு நாள் கடையில் வாய்விட்டே சொல்லிவிட்டார். கேட்க யாருமில்லை.

ரமலான் பிறந்தது. நோன்பு வைத்துக்கொண்டே ஒரு நாள் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார். நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்றுதான் கிளம்பினார். அடையவளஞ்சான் தெருவில் ரெங்கராஜ் வீட்டுக்குப் போனபோது அவர் ஆபீஸிலிருந்து வந்திருக்கவில்லை. வேலை தேடி அக்கா வீட்டில் தங்கியிருந்த அமிர்தத்தின் தம்பி வரதன், எங்கோ இன்டர்வியூவுக்குப் போக ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க பாய். அத்திம்பேர் வர நேரமாகும். உள்ள உக்காருங்க, நான் கெளம்பறேன்."

அமிர்தம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்கண்ணே. அண்ணி சௌக்கியமா? நோன்புல்ல உங்களுக்கு, காபி குடுக்கவும் வழியில்ல. அந்த ரூம்ல உக்காருங்க, காத்து வரும். உங்க புஸ்தகத்தப் பாத்துக்கிட்டு இருங்க, அதுக்குத்தானே வந்திருப்பீங்க."

மேஜை மேல் முதல் பாகம் சிவப்புத் துண்டில் சுற்றி இருந்தது. நசுருதீன் பிரித்தார். சமையலறையில் அமிர்தம் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் பாகத்தில் படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு எரிந்தது. என்னிடம் வருகிற பாகத்தில் கை வைத்துவிட்டு உன்னிடம் இருப்பதைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா? கேட்க வந்தவர் கேட்பதை மறந்தார். சுருட்டுச் சுற்றுகிற ஜோடி ரெங்கராஜின் உயிர். அதை எடுத்தார். இன்னும் இரண்டு எடுத்தார். தான் எடுக்காவிட்டால் மெட்ராஸ்காரனிடம்தான் போகப்போகிறது, காப்பாற்றுகிறேன் என்று தனக்குத் தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். பத்திரிகை மடிப்புக்குள் வைத்துத் துணிப்பையில் இறக்கினார்.

"கெளம்பிட்டீங்களா? அவரு இப்ப வந்துடுவாரே."

"இல்ல தங்கச்சி, கஞ்சி நேரத்துக்குள்ள போய்ச் சேரணும்."

"கொஞ்சம் இருங்க." அமிர்தம் உள்ளே போய் ஒரு சீப்பு பூவன் பழமும் நாலு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தாள். "நோன்பு தெறக்க வச்சுக்கங்க. பையக் காட்டுங்க, போடறேன்."

"கையிலயே குடுங்க."

"பை காலியாத்தானே தொங்குது? காட்டுங்கண்ணே."

"பத்திரிகை இருக்கு, நசுங்கிடும், கையிலயே குடு தங்கச்சி!" என்று அதட்டலாகவே சொல்லிவிட்டார். அவள் ஒரு கணம் விழித்துவிட்டுப் பழத்தை நீட்டினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் சீப்பு அவர் மடியில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நோன்பு திறக்கையில் அவர் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் மாடியைப் பெருக்கப்போன ஷரபுன்னிசா, படங்கள் இருந்த பத்திரிகையும் கையுமாக இறங்கி வந்தாள்.

"ஏங்க, இதுலயும் ஒண்ணுல ஓதுற எழுத்து இருக்கு. இதையும் ஆத்துல சேத்துடவா?"

நசுருதீனுக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. "இதையும்னா?"

"அன்னைக்குச் சேத்த மாதிரிதான்."

"என்னைக்கு?"

"பொங்கலுக்கு முந்தி, பராத்து ராத்திரித் தொழுகைக்கு வீடு கழுவுனேனே. நீங்க புஸ்தகம் ஈரம் குடிச்சிருக்குன்னு கட்டில் மேல விரிச்சு வச்சிட்டுக் கடைக்குப் போயிட்டீங்க. ஜன்னலையும் சாத்தல. நான் வாளியத் தூக்கிக்கிட்டு மேல போறேன், தாளெல்லாம் தரையில கெடக்குது. மேல கள்ளு எறக்குற ஆளு, ஆடுற பொம்பள. கீழ அந்த எழுத்து. கால் படுற எடத்துல! எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. எழுத்தில்லாதத எல்லாம் புஸ்தகத்துக்குள்ள வச்சேன். எழுத்திருந்தத எடுத்து, கடைத் தாள் சேத்து வைக்கிற பையில போட்டேன். பை நெறஞ்சுதுன்னு ரெண்டு நாள் கழிச்சுக் காவேரிக்குக் கொண்டு போய், கல்லக் கட்டி, நடுத் தண்ணில விட்டுட்டு வந்தேன்."

பழைய காகிதம் பிரிக்கிற அந்த வீட்டில் அது காலங்காலமான ஒழுங்கு. கிழிந்த ஓதல் ஏடோ, அரபு எழுத்துள்ள காலண்டரோ, எது வந்தாலும் அதில் பை ஒட்டக்கூடாது, குப்பையில் போடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும். அந்த ஒழுங்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நசுருதீன்தான்.

"அது குர்ஆன் எழுத்து இல்லடி. பாரசீகம். சாதிப் பேரு எழுதியிருக்கு, அவ்வளவுதான்."

"இருக்கட்டும். நான் எழுத்துக்கூட்டிப் பாத்தேன். பாம்பாட்டி படத்துல எழுதினவன் பேரு இருந்துச்சு. அப்துல்லா. அதுக்குள்ள அல்லாஹ் பேரு இருக்கா இல்லியா? அது போதும் எனக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா? பொங்கல்லருந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையிறீங்க. கடையில நஷ்டமோ, உடம்புக்கு முடியலயோன்னு நான் துவா கேட்டுக்கிட்டுக் கெடக்குறேன்." பேசிக்கொண்டே வந்தவள் கையிலிருந்த படத்தை மறுபடி பார்த்தாள். "ஆமா, இது சுருட்டுக்காரன் ஜோடியாச்சே. இது ரெங்கராஜண்ணன் வீட்டுல இருக்குற பாகமில்ல?"

நசுருதீன் படத்தை வாங்கக் கை நீட்டினார்.

"கேட்டு வாங்கிட்டு வந்தீங்களா?"

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். அவள் படங்களைப் பத்திரிகைக்குள் வைத்து மூடி, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பசைச் சட்டிக்குப் போய்விட்டாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்காததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திருப்பி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதானே என்று தேற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போகலாம் என்றார். வெள்ளிக்கிழமை போயிற்று. ஞாயிறு ரெங்கராஜ் வீட்டில் இருப்பாரே என்று ஞாயிறையும் விட்டார். திங்கட்கிழமை மத்தியானம், வெயிலில் தெரு காய்ந்துகொண்டிருந்தபோது, ரெங்கராஜே வந்துவிட்டார். கக்கத்தில் சிவப்புத் துண்டு சுற்றிய முதல் பாகம். முகத்தில் நாலு நாள் தாடி.

"வாங்க சார், உள்ள வாங்க."

மாடிக்கு வந்தவர் உட்காரவில்லை. துண்டைப் பிரித்துப் புத்தகத்தை மேஜை மேல் வைத்தார்.

"ரெண்டு பாகமும் இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். என் வீட்டுல இது இருக்க லாயக்கில்ல."

"என்ன சார் பேச்சு இது?"

"மூணு படம் போச்சு. சுருட்டுக்காரன் ஜோடி போச்சு பாய். வரதன் கை வச்சிட்டான்."

நசுருதீனின் கண் அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது.

"ஒரு மெட்ராஸ்காரன் சுத்திக்கிட்டிருக்கான், உங்ககிட்ட வந்தானான்னு தெரியல. பொங்கலுக்கு முன்னாடி எங்கிட்ட வந்தான். 'பாலக்கரையில ஒருத்தரு படத்தப் பிச்சுக் குடுத்துட்டாரு, நீங்க ஏன் சார் யோசிக்கறீங்க'ன்னான். நான் சிரிச்சிட்டேன். எங்க பாய் தன் தோல உரிச்சுக் குடுப்பாரு, படத்தப் பிச்சுக் குடுக்கமாட்டாரு, வேற ஆளப் பாருன்னு அனுப்பிட்டேன். அப்ப வரதன் பக்கத்துலதான் நின்னான். விலை பேசினதெல்லாம் அவன் காதுல விழுந்துது. வீட்டுல வேற யாரு இருக்கா? நானு, அமிர்தம், அவன். கேட்டேன். இல்லைன்னான். சத்தியம் பண்ணான். எனக்கு ஆத்திரம் தாங்கல, கை நீட்டிட்டேன். வளந்த பையன், ஒரு வார்த்த எதுத்துப் பேசல. சட்டிஃபிகேட் பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். எங்க போனான்னு தெரியல. அமிர்தம் மூணு நாளா அடுப்பு பத்தவைக்கல. எங்கூடப் பேசறதும் இல்ல." அவர் குரல் இறங்கியது. "உங்க பங்கும் இதுல இருக்கு. என் வீட்டாளு எடுத்துட்டான். என்னை மன்னிச்சுக்கங்க பாய்."

நசுருதீன் எழுந்தார். அலமாரியைத் திறந்து பத்திரிகை மடிப்பை எடுத்து மேஜை மேல் விரித்தார். மூன்று படங்களும் ஒரு கசங்கல் இல்லாமல் இருந்தன.

ரெங்கராஜ் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"மீட்டுட்டீங்களா? அந்த மெட்ராஸ்காரன்கிட்டருந்து மீட்டுட்டீங்களா பாய்!" நசுருதீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும். ஊருக்குள்ள வந்தா உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு தெரியும். எம் மானத்தக் காப்பாத்திட்டீங்க!"

தலையை ஆட்டினால் போதும். ஒரு சின்ன ஆட்டல். வரதன் திருடனாக எங்கேயோ போய்ச் சேர்வான். இரண்டு பாகமும் இந்த அலமாரியில் இருக்கும். ரெங்கராஜ் ஆயுளுக்கும் நன்றி சொல்வார். கதவுக்கு வெளியே ஷரபுன்னிசாவின் வளையல் சத்தம் கேட்டு நின்றது. அவள் அங்கேதான் நின்றாள்.

"மீட்கல சார்" என்றார் நசுருதீன். "நான்தான் எடுத்தேன். போன வாரம் உங்க வீட்டுக்கு வந்தப்ப, தங்கச்சி அடுப்படியில இருந்தப்ப எடுத்தேன். வரதன் எடுக்கல."

ரெங்கராஜ் கையை விடவில்லை. விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருந்தது.

"வெளையாடாதீங்க."

"இந்தப் பாகத்துல ஆறு படம் காணாமப் போச்சு. நீங்க வித்துட்டீங்கன்னு நெனச்சேன். எங்கிட்டயும் அவன் வந்தான், ஸ்ரீரங்கத்துல ஒருத்தருன்னு சொன்னான். நான் சிரிக்கல சார். நம்பிட்டேன். கடைசில பாத்தா அது என் வீட்டுலயேதான் போயிருக்கு. நான் விரிச்சுப் போட்டுட்டுப் போனேன், ஆத்தோட போயிடுச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இப்போது ரெங்கராஜ் கையை எடுத்துக்கொண்டார். புத்தகத்தைத் திறந்து, படங்கள் விட்டுப்போன இடங்களைத் தேடித் தேடிப் புரட்டினார். கீழே யாரோ காகிதம் எடை போட வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எடுத்தது கெடக்கட்டும்" என்றார் கடைசியில். "பொங்கல்லருந்து என்னை அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா சார்."

"அன்னைக்கு அமிர்தம் பழம் குடுத்தாளே. வாங்கிக்கிட்டப்பவும்?"

"அப்பவும்தான்."

நசுருதீனுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. ஐம்பது வயசு மனிதர், நோன்பு வாயோடு நின்று சின்னப் பிள்ளை போல அழுதார். ரெங்கராஜ் சமாதானம் சொல்லவில்லை. மூன்று படங்களையும் எடுத்து அதனதன் இடத்தில் வைத்தார். புத்தகத்தைத் துண்டில் சுற்றினார்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவகிட்ட வந்து சொல்லுங்க. அப்புறம் அந்தப் பையனத் தேடணும்."

"இப்பவே வரேன் சார்."

கதவுக்கு வெளியே ஷரபுன்னிசா முக்காட்டைச் சரி செய்துகொண்டு நின்றாள். "நானும் வரணுமாண்ணே? ஆத்துல விட்டது நான்தான்" என்றாள். ரெங்கராஜ், "நீங்க ஒண்ணும் பண்ணலம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மெயின்கார்டு கேட்டில் ஸ்ரீரங்கம் பஸ் நின்றுகொண்டிருந்தது. பாதிக்கு மேல் காலி. ரெங்கராஜ் முன்னால் ஏறி, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பக்கத்து இடத்தில் வைத்தார். நசுருதீன் ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் போய் உட்கார்ந்தார். பஸ் தெப்பக்குளத்தைத் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். ஏலம் ஏலமாக இருவரும் சேர்ந்து சுற்றிய அத்தனை வருஷத்திலும், முதலில் யார் கையில் சில்லறை வருகிறதோ அவர் இரண்டு டிக்கெட்டாக வாங்குவதுதான் பழக்கம். கண்டக்டருக்கும் அவர்களைத் தெரியும். ரெங்கராஜ் சில்லறையை நீட்டியதுமே இரண்டு டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

"ஒண்ணு குடுங்க, போதும்" என்றார் ரெங்கராஜ்.